ஐஎஸ்ஏ சவுண்ட் காட்: ஐஆர்கியூ 5ஐ (காட் சிபியூவைக் கூப்பிடுற கோடு) நெற்வேக் காட் பிடிச்சு வைச்சிருக்கு, ஆராவது வழி சொல்லுங்கோ

கொக்குவில்_குட்டி:
எல்லாருக்கும் வணக்கம். மாமாட கடையில பில் அடிக்கிற பழைய பென்ரியம் 2 மெசின் ஒண்டு இப்ப என்ர கையில வந்திருக்கு, விண்டோஸ் 98 செக்கண்ட் எடிஷன், உள்ளுக்க ஒரு ஐஎஸ்ஏ (பழைய வகைச் சிலொட்) சவுண்ட் காட், ஒரு பிசிஐ (அதுக்குப் பிறகு வந்த சிலொட்) நெற்வேக் காட், பின்னால எப்சன் டொட் மற்றிக்ஸ் பிறின்ரர். மாமா மாதக் கடைசியில வந்து பழைய கணக்கு எடுத்து அடிக்கிறவர், அதால பிறின்ரரில மட்டும் கை வைக்கேலாது. பிரச்சினை என்னெண்டால் டொஸ் (விண்டோஸுக்கு முந்தின சிஸ்டம்) கேம் போட்டால் மியூசிக் வடிவா வருது ஆனால் ஆக்கள் கதைக்கிற சத்தம், வெடிச் சத்தம் வரேக்க முதல் துண்டு மட்டும் திருப்பித் திருப்பி டக் டக் டக் எண்டு அடிச்சுக்கொண்டே நிக்குது, கொஞ்ச நேரத்தில கேமும் இறுகிப்போகுது. விண்டோஸில டிவைஸ் மனேஜரில சவுண்ட் காட்டுக்குப் பக்கத்தில மஞ்சள் குறி. டிரைவர் அழிச்சுத் திருப்பிப் போட்டும் பார்த்தாச்சு. காட் பழுதோ?

நெல்லியடி_நெட்:
தம்பி உதுக்கு ஏன் இவ்வளவு பாடு, யூஎஸ்பி சவுண்ட் காட் ஒண்டு வாங்கிக் குத்திவிட்டால் முடிஞ்சுது. யாழ்ப்பாண ரவுனில எந்தக் கடையிலயும் இருக்கு.

கொக்குவில்_குட்டி:
அண்ணை எனக்கு வேண்டியது டொஸ் கேமும் காட்டின்ர மியூசிக் சிப்பில வாற அந்தப் பழைய எஃப்எம் சத்தமும்தான். பாட்டுக் கேக்கிறதுக்கு ஃபோன் இருக்கு.

பழைய_றேடியோ:
யூஎஸ்பி காட் டொஸுக்கு உதவாது நெல்லியடியார். டொஸ் கேம் ஒரு டிரைவரிட்டயும் கேக்கிறேல்லை, நேர போய் 220 எண்ட அட்ரஸில எழுதும், அங்க ஒரு சவுண்ட் பிளாஸ்டர் (கிரியேட்டிவ் கொம்பனியின்ர சவுண்ட் காட்) இருக்கோணும் அவ்வளவுதான். 220 எண்டது ஹெக்ஸ், சாதாரண எண்ணில 544.

குட்டி, காட் பழுதில்லை. நீர் சொன்ன அறிகுறியிலயே பாதி விடை இருக்கு. மியூசிக் வாறது எஃப்எம் சிப்பில இருந்து, அது 388 எண்ட அட்ரஸில இருக்கும், அதுக்கு ஐஆர்கியூவும் வேண்டாம் டிஎம்ஏயும் (சிபியூ இல்லாமல் மெமரியில இருந்து டேட்டா இழுக்கிற வழி) வேண்டாம், சிபியூ நேர எழுதினால் போதும். அதால மற்றது எல்லாம் பிழைச்சுக் கிடந்தாலும் மியூசிக் மட்டும் வரும். கதைக்கிற சத்தம் அப்பிடியில்லை. கேம் மெமரியில ஒரு சின்ன பஃபரில சத்தத்தைப் போட்டு வைக்கும், டிஎம்ஏ அதை சிபியூவைக் கேக்காமல் காட்டுக்கு இழுத்துக் குடுக்கும், ஒரு துண்டு முடிஞ்ச உடன காட் படலையில நிண்டு கூப்பிடுற மாதிரி ஐஆர்கியூவால ஒரு குரல் குடுக்கும், கேம் அதைக் கேட்டு அடுத்த துண்டைப் போடும். அந்தக் குரல் போய்ச் சேரேல்லை எண்டால் டிஎம்ஏ பாவம் பழைய துண்டையே சுத்திச் சுத்தி வாசிக்கும். அதுதான் உம்மட டக் டக் டக். ஆகவே அட்ரஸ் சரி, டிஎம்ஏயும் ஓடுது, பிழை ஐஆர்கியூவில. டிஎம்ஏ பிழையெண்டால் சத்தமே வராது இல்லாட்டி இரைச்சல் வரும், அட்ரஸ் பிழையெண்டால் கேம் சவுண்ட் காட்டே இல்லை எண்டு சொல்லியிருக்கும்.

இப்ப ஒரு வேலை செய்யும். டிவைஸ் மனேஜரில ஆக மேல இருக்கிற கொம்பியூட்டர் எண்டதை டபிள் கிளிக் பண்ணினால் ஐஆர்கியூ, ஐஓ, டிஎம்ஏ, மெமரி எண்டு நாலு பட்டியல் காட்டும். ஐஆர்கியூவையும் டிஎம்ஏயையும் அப்பிடியே இஞ்ச எழுதும். ஆர் எங்க குந்தியிருக்கினம் எண்டு தெரியாமல் ஒண்டையும் மாத்த வேண்டாம்.

கொக்குவில்_குட்டி:
ஓமண்ணை, இதுதான் பட்டியல்.
0 ரைமர், 1 கீபோட், 2 மற்ற கொன்ட்ரோலருக்கு, 3 கொம் 2, 4 கொம் 1, 5 நெற்வேக் காட் அதோட சவுண்ட் காட், 6 ஃப்ளொப்பி, 7 ஈசிபி பிறின்ரர் போட், 8 மணிக்கூடு, 9 யூஎஸ்பி, 10 சும்மா, 11 விஜிஏ, 12 மவுஸ், 13 கணக்கு புரொசசர், 14 உம் 15 உம் ஹாட் டிஸ்க்.
5, 9, 11 மூண்டிலயும் ஐஆர்கியூ ஹோல்டர் ஃபோர் பிசிஐ ஸ்டியரிங் எண்டு இன்னொரு வரியும் கிடக்கு, அது என்ன பேயோ தெரியேல்லை.
டிஎம்ஏ: 1 சவுண்ட் காட், 2 ஃப்ளொப்பி, 3 ஈசிபி பிறின்ரர் போட், 4 டிஎம்ஏ கொன்ட்ரோலர். 0, 5, 6, 7 சும்மா.

சுன்னாகம்_சுவிட்ச்:
கண்டுபிடிச்சாச்சு, 5இல ரெண்டு பேர். சவுண்ட் காட்டை 7க்கு மாத்தும், முதல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் எல்லாம் 7இலதான் வந்தது, டொஸில பிறின்ரர் 7ஐத் தொடுறதே இல்லை.

நெல்லியடி_நெட்:
7 பிறின்ரருக்கு எண்டு தம்பி கொட்டை எழுத்தில எழுதியிருக்கிறார் நீங்கள் அதிலயே கொண்டுபோய் வைக்கச் சொல்லுறியள். மாமா வந்து பில் அடிக்கேக்க என்ன நடக்கும்?

சுன்னாகம்_சுவிட்ச்:
ஒண்டும் நடக்காது அண்ணை. டொஸில பிறின்ற் பண்ணேக்க பயோஸ் (மதர்போட்டில இருக்கிற அடிப்படைப் புரோகிராம்) பிறின்ரரைப் பார்த்துப் பார்த்துத்தான் எழுத்தை அனுப்பும், ரெடியோ ரெடியோ எண்டு கேட்டுக்கொண்டே நிக்கும், ஐஆர்கியூக்குக் காத்திருக்கிறேல்லை. எத்தினை பேர் ஒரு காலத்தில சவுண்டும் பிறின்ரரும் 7இல வைச்சு ஓட்டினவை.

பழைய_றேடியோ:
சுவிட்ச் சொல்லுறது டொஸுக்குச் சரி. ஆனால் நான் 7ஐக் கடைசி வழியாத்தான் வைப்பன். இன்ரரப்ட் கொன்ட்ரோலர் சிப்புக்கு, அதுதான் அந்த 8259, ஒரு சிக்னல் வந்து அது ஆர் எண்டு பார்க்கிறதுக்கிடையில மறைஞ்சிட்டால் அது தெரியாமல் 7 எண்டுதான் சொல்லும். அப்பிடி வாற பொய்க்குரல் எல்லாம் 7இல வந்து விழும். நல்லா எழுதின கேம் அதைத் தாங்கும், சிலது தாங்காது. அதோட இந்த மெசின் விண்டோஸிலயும் ஓடுது, அங்க ஈசிபி (பிறின்ரர் போட்டின்ர கெதியான மோட்) டிரைவர் 7ஐத் தன்ர எண்டு பிடிச்சு வைச்சிருக்கு.

பட்டியலைப் பார்த்தால் கேள்வி இன்னொண்டு. சவுண்ட் காட் ஏன் நகரோணும்? நகர வேண்டியது நெற்வேக் காட். ஐஎஸ்ஏ காட் ஐஆர்கியூவை ஆரோடயும் பங்கு போடாது, அது கோட்டின்ர ஏத்தத்தைப் பார்த்து வேலை செய்யிறது, பிசிஐ கோடு பதிஞ்சிருக்கிற நேரம் முழுக்கப் பார்த்து வேலை செய்யிறது, அதால பிசிஐ காட்டுகள் ரெண்டு மூண்டு சேர்ந்து ஒண்டில இருக்கும், ஐஎஸ்ஏயும் பிசிஐயும் ஒண்டில சேர்ந்து இருக்கவே ஏலாது. பிசிஐக்குப் 10 இருக்கு 11 இருக்கு 9 இருக்கு, எங்க போட்டாலும் அது சந்தோசமாப் போகும். டொஸ் கேமுகள் பாதி 5ஐயும் 7ஐயும் மட்டும்தான் தேடும். அதால 5 சவுண்டுக்கு.

அந்த ஹோல்டர் வரியைப் பார்த்துப் பயப்பிட வேண்டாம், அது இன்னொரு காட் இல்லை, விண்டோஸ் அந்த ஐஆர்கியூவைப் பிசிஐக்கு எண்டு எழுதி வைச்சிருக்கிற குறிப்பு.

மானிப்பாய்_அக்கா:
லினக்ஸ் ஒரு சிடியில போட்டு எழுப்பிப் பார்த்தால் இன்னும் தெளிவாத் தெரியும். ப்ரொக் ஃபோல்டருக்குள்ள இன்ரரப்ட்ஸ் எண்ட ஃபைலைத் திறந்தால் ஒவ்வொரு ஐஆர்கியூவும் எத்தினை தரம் அடிச்சிருக்கு எண்டு எண்ணிக்கையே காட்டும், சத்தம் போடேக்க சவுண்ட் காட் வரியில எண் ஏறேல்லை எண்டால் குரல் வரேல்லை எண்டு அர்த்தம், ஊகிக்கத் தேவையில்லை. டிஎம்ஏ, ஐஓபோட்ஸ் எண்டும் பக்கத்திலயே ஃபைல் இருக்கு.

ஸ்காபரோ_சிங்கன்:
இந்த இழையைப் பார்க்க ஆசையாக் கிடக்கு. நாங்கள் ஊரில இருக்கேக்க கரண்டே இல்லை, சைக்கிள் டைனமோவைச் சுத்தி றேடியோ கேட்ட ஆக்கள். 2002இல யாழ்ப்பாணத்துக்கு வாற ஏ9 றோட்டு திறந்த பிறகுதான் கொழும்பில பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில வாங்கின பழைய மெசின்கள் பஸ்ஸில கட்டி யாழ்ப்பாணம் வந்து இறங்கினது, அதுகளில கனக்க உந்த மாதிரி ஐஎஸ்ஏ காட்டோடதான். குட்டி, மொனிற்றர் எது, பழைய பெட்டி மொனிற்றரோ?

பழைய_றேடியோ:
சிங்கன் கதை நல்லாத்தான் இருக்கு, வேலை முடியட்டும் பிறகு கதைப்பம்.

குட்டி, மெசின் ஓன் ஆகேக்க டிலீட் கீயை அமத்திப் பயோஸுக்குள்ள போம். பிஎன்பி பிசிஐ கொன்ஃபிகரேஷன் எண்டு ஒரு பக்கம் இருக்கும், பிஎன்பி எண்டது பிளக் அண்ட் பிளே, காட்டுகளுக்கு ஐஆர்கியூ டிஎம்ஏயைத் தானாப் பிரிச்சுக் குடுக்கிற முறை. அதில ரிசோர்ஸஸ் கொன்ட்ரோல்ட் பை எண்டது ஓட்டோவில நிக்கும், அதை மனுவல் ஆக்கினால் ஐஆர்கியூ 3இல இருந்து 15 வரைக்கும் வரிசையா வரும், ஒவ்வொண்டுக்கும் ரெண்டு தெரிவு, லெகஸி ஐஎஸ்ஏ இல்லாட்டி பிசிஐ ஐஎஸ்ஏ பிஎன்பி. 5ஐ மட்டும் லெகஸி ஐஎஸ்ஏ எண்டு போடும். கீழ டிஎம்ஏயும் வரும், அதில 1ஐ லெகஸி ஐஎஸ்ஏ ஆக்கும். பிஎன்பி ஓஎஸ் இன்ஸ்டோல்ட் எண்டதுக்கு நோ. ரீசெற் கொன்ஃபிகரேஷன் டேட்டா எண்டதுக்கு யெஸ், இதை மறந்தால் பயோஸ் பழைய கணக்கை வைச்சுக்கொண்டு திரும்பவும் 5ஐ நெற்வேக்குக்குக் குடுக்கும். கொம் 2 பாவிக்கிறேல்லை எண்டால் அதையும் நிப்பாட்டிவிடும், 3 சும்மா கிடைக்கும், பேந்து ஒரு நாளைக்கு உதவும்.

சுன்னாகம்_சுவிட்ச்:
ஒரு சந்தேகம். குட்டியின்ர காட்டில ஜம்பர் (கையால மாத்திற சின்னக் குத்தி) இல்லாட்டி அது பிஎன்பி காட். 5ஐ லெகஸி எண்டு போட்டால் பயோஸ் அதுக்கும் 5ஐக் குடுக்காதே?

பழைய_றேடியோ:
நல்ல கேள்வி. பயோஸ் குடுக்காது, ஓம். எங்களுக்கு வேண்டியது பயோஸ் 5ஐ ஒருத்தருக்கும் குடுக்காமல் விடுறது. காட்டுக்கு 5ஐ வாங்கிக் குடுக்கிறது டொஸில சிரிசிஎம் எண்ட கிரியேட்டிவ் புரோகிராம், விண்டோஸில டிவைஸ் மனேஜர். காட்டின்ர ரிசோர்ஸஸ் பக்கத்தில யூஸ் ஓட்டோமற்றிக் செற்றிங்ஸ் எண்ட சரியை எடுத்துவிட்டு ஐஆர்கியூ 5, டிஎம்ஏ 1, அட்ரஸ் 220, மிடிக்கு 330 எண்டு கையால வையும். கீழ ஒரு சின்னப் பெட்டியில மோதலோ இல்லையோ எண்டு அந்த நேரமே சொல்லும். 330இல இன்னொரு விசயம், ஸ்கசி (அந்தக் கால ஹாட் டிஸ்க் இணைப்பு) காட் வைச்சிருந்த ஆக்களுக்கு அங்கதான் அடிபடும், சில ஸ்கசி காட்டுகளும் 330இலதான் இருக்கும், உமக்கு அந்தப் பயமில்லை.

பிளக் அண்ட் பிளே எண்டு 1993இல ஐஎஸ்ஏக்கு ஒரு முறை கொண்டுவந்தவை, 95இல விண்டோஸும் அதைத் தூக்கிப் பிடிச்சுது. நல்ல விசயந்தான், ஆனால் பயோஸ், விண்டோஸ், சிரிசிஎம் மூண்டும் தனித்தனியா முடிவெடுக்கும், ஒண்டு குடுத்ததை மற்றது மாத்தும். மனுசர் ஒருக்கா உக்காந்து எழுதிக் குடுத்தால்தான் அடங்கும் எண்டது என்ர முடிவு. ஓட்டோவை நம்பி இருந்த ஆக்கள்தான் கனக்கக் கஷ்டப்பட்டவை.

கொக்குவில்_குட்டி:
அண்ணை நெற்வேக் காட் இப்ப 10க்குப் போயிட்டுது!! மஞ்சள் குறியும் போட்டுது. டொஸ் கேமில கதைக்கிற சத்தம் வடிவா வருது, மாமாட மகன் ஓடி வந்து நிண்டு பார்க்கிறான். ஆனால் விண்டோஸில இன்னும் ஏதோ பிழை, ஸ்ராட் அப் சத்தம் வரேல்லை, வேவ் ஃபைல் சிலது ஓடுது சிலது அப்பிடியே நிக்குது. டயக்னோஸ் புரோகிராமில 8 பிட் டெஸ்ற் சரி, 16 பிட் டெஸ்றில இறுகுது.

மானிப்பாய்_அக்கா:
8 பிட் சரி 16 பிட் இல்லை எண்டால் அடுத்த டிஎம்ஏயில கோளாறு. 16 பிட்டுக்கு வழமையா 5, 6, 7இல ஒண்டு வேணும். ஆனால் உங்கட பட்டியலில 5, 6, 7 எல்லாம் சும்மா கிடக்கு எண்டு போட்டிருக்கிறியள், அது எனக்கு அப்பவே கொஞ்சம் உறுத்தினது. காட்டில இருக்கிற பெரிய சிப்பில என்ன எழுதியிருக்கு?

கொக்குவில்_குட்டி:
கழட்டிப் பார்த்தன் அக்கா. சிப்பில கிரியேட்டிவ், வைப்ரா 16 எக்ஸ்வி எண்டு கிடக்கு. காட்டின்ர ஓரத்தில சிரி4170.

மானிப்பாய்_அக்கா:
அப்ப விளங்கீட்டுது. 16எக்ஸ் குடும்பத்துக்கு 16 பிட் டிஎம்ஏ இல்லை. மற்ற வைப்ரா மாதிரி 1உம் 5உம் எண்டு கேக்காது, 1உம் 3உம் கேக்கும், ரெண்டுமே 8 பிட் சனல். லினக்ஸிலயும் இந்தக் காட்டுக்கு டிஎம்ஏ 16 எண்டதுக்கு 3 எண்டுதான் போடச் சொல்லுறது, கனபேர் 5 எண்டு போட்டுவிட்டுக் காட் பழுது எண்டு எறிஞ்சவை. உங்கட 3இல ஆர் இருக்கினம் எண்டு மேல பாருங்கோ.

சுன்னாகம்_சுவிட்ச்:
பிறின்ரர்!!! 😂 நான் முதல் நாளே சொன்னனான் பிறின்ரர் பக்கம் பாருங்கோ எண்டு.

பழைய_றேடியோ:
நீர் சொன்னது வேற விசயம் ஐயா, எண்டாலும் சரி.

அக்கா சரியாப் பிடிச்சிட்டா. பிறின்ரர் போட் ஈசிபி மோட்டில இருந்தால்தான் அதுக்கு டிஎம்ஏ வேணும். டொட் மற்றிக்ஸுக்கு ஈசிபி எதுக்கு, அது கெதியா டேட்டா அனுப்புற ஸ்கானர், லேசர் பிறின்ரர் ஆக்களுக்கு. பயோஸில இன்ரக்ரேற்றட் பெரிஃபெரல்ஸ் எண்ட பக்கத்தில பரலல் போட் (பிறின்ரர் போட்) மோட்டை எஸ்பிபி (சாதாரண மோட்) ஆக்கும், ஈபிபி எண்டாலும் பரவாயில்லை. சில பயோஸில ஈசிபி டிஎம்ஏயை 3இல இருந்து 1க்கு மாத்திற தெரிவும் இருக்கும், அதைத் தொட வேண்டாம், 1இல சவுண்ட் இருக்கு. மாத்தினாப் பிறகு டிஎம்ஏ 3ஐயும் லெகஸி ஐஎஸ்ஏ ஆக்கும். விண்டோஸ் எழும்பேக்க புதுசா ஒரு பிறின்ரர் போட் கண்டுபிடிச்சன் எண்டு சொல்லும், விடும், பிறின்ரர் டிரைவரில போட் எல்பிரி 1 எண்டே நிக்குதோ எண்டு மட்டும் பாரும்.

டொஸுக்கு ஓட்டோஎக்ஸெக் ஃபைலில இப்பிடி ஒரு வரி வேணும், உம்மட காட்டுக்கு எச் எண்டதுக்கு 3:
செற் பிளாஸ்டர்=ஏ220 ஐ5 டி1 எச்3 பி330 ரி6
இஞ்ச தமிழில எழுதினாலும் ஃபைலில இங்கிலீஷ் எழுத்தில அடியும். ஏ எண்டது அட்ரஸ், ஐ ஐஆர்கியூ, டி 8 பிட் டிஎம்ஏ, எச் மற்ற டிஎம்ஏ, பி மிடி, ரி எண்டது காட்டின்ர வகை, சவுண்ட் பிளாஸ்டர் 16க்கு 6. இந்த வரி காட்டை மாத்தாது, கேமுக்கு விலாசம் சொல்லுறது மட்டுந்தான். காட் 7இல இருக்கேக்க இதில 5 எண்டு எழுதினால் கேம் 5இலதான் போய்க் காத்துக்கொண்டு நிக்கும். விண்டோஸில இருந்து ரீஸ்ராட் இன் எம்எஸ் டொஸ் மோட் குடுத்துப் போறனீர் எண்டால் ஓட்டோஎக்ஸெக் இல்லை, விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள டொஸ்ஸ்ராட் எண்ட பற் ஃபைல்தான் ஓடும், சிரிசிஎம் வரியை அதிலயும் போடும்.

பருத்தித்துறை_காத்து:
இடையில வாறதுக்கு மன்னிக்கோணும். காட்டைக் கழட்டினனீர் எண்டால் அந்தப் பொன் நிறப் பல்லை ஒரு அழிறப்பரால மெதுவா உரசித் துடைச்சுவிட்டுப் பூட்டும். எங்கட பக்கம் உப்புக் காத்தில அது கறுத்துப் போயிருக்கும், கொக்குவிலிலயும் மழைக்குப் பிறகு அப்பிடித்தான். ஐஆர்கியூ கோளாறு எண்டு நினைச்சு அலைஞ்ச கனக்கப் பிரச்சினை இந்தப் பல்லிலதான் இருந்தது.

கொக்குவில்_குட்டி:
வந்திட்டுது!!! ஸ்ராட் அப் சத்தம் வந்திட்டுது, எம்பி3 ஓடுது, பில்லும் ஒண்டு அடிச்சுப் பார்த்தன் பிறின்ரர் ஓகே. எஸ்பிபியில வைச்சிருக்கிறன். அக்கா, அண்ணை, எல்லாருக்கும் நன்றி.

கொக்குவில்_குட்டி:
அண்ணை இண்டைக்கு விடிய மெசினைப் போட்டால் திரும்பவும் பழைய கதை, டக் டக் டக். நேற்று வேலை செய்தது. மற்றது திகதி 1998 எண்டு காட்டுது, ஆரம்பத்தில சீமோஸ் செக்சம் எரர் எண்டு ஏதோ சொன்னது, எஃப் 1 அமத்திக்கொண்டு போயிட்டன்.

பழைய_றேடியோ:
இரவு பிளக்கைக் கழட்டினனீரோ, இல்லாட்டி கரண்ட் நிண்டதோ, ரெண்டும் ஒண்டுதான். மதர்போட் பற்றறி செத்துப்போச்சு. நீர் எழுதின எல்லாம் சீமோஸில (பயோஸ் செற்றிங்ஸ் நிக்கிற மெமரி), பற்றறி இல்லாட்டி அது எல்லாத்தையும் மறந்து ஓட்டோவுக்கும் ஈசிபிக்கும் திரும்பிப் போயிடும். சிஆர்2032, 3 வோல்ற் நாணயப் பற்றறி, எந்த மணிக்கூட்டுக் கடையிலயும் இருக்கு. கழட்டேக்க கிளிப்பை உடைச்சுப்போடாதையும், பழசு. எழுத்துப் பக்கம் மேல பார்க்கப் போடும். போட்டுவிட்டு முதலில திகதியைச் சரியாக்கிப் பிறகு பயோஸ் பக்கங்கள் எல்லாத்தையும் ஃபோனில படம் எடுத்து வையும்.

நெல்லியடி_நெட்:
இன்னும் பழைய போட்டுகளில உருளை மாதிரி ஒரு பற்றறி ஒட்டி இருக்கும், அது கசிஞ்சு பக்கத்துத் தடத்தையும் தின்னும். அப்பிடி ஆராவது வைச்சிருந்தால் போட் பழுதாக முதலே, மெசினை நிப்பாட்டிப்போட்டு, அதை வெட்டி எடுத்துவிடுங்கோ. யூஎஸ்பி வாங்கச் சொன்னவன்தான், எண்டாலும் இது வாசிக்க நல்லாக் கிடக்கு.

கொக்குவில்_குட்டி:
பற்றறி மாத்தியாச்சு, பிளக்கைக் கழட்டி வைச்சுப் போட்டும் பார்த்தாச்சு, எல்லாம் வைச்சபடியே இருக்கு. ஐஆர்கியூ 5, டிஎம்ஏ 1, 3. சிங்கன் அண்ணை, மொனிற்றர் பழைய பெட்டிதான், 15 இஞ்சி.

வட்டுக்கோட்டை_வட்டு:
இந்த இழையிலயே நானும் ஒண்டு கேக்கட்டோ, என்னட்ட இஎஸ்எஸ் 1868 எண்ட ஐஎஸ்ஏ காட், கேமில சவுண்ட் பிளாஸ்டர் 16 எண்டு தெரிஞ்சால் சத்தம் இல்லை. ஐஆர்கியூ எல்லாம் சரி.

பழைய_றேடியோ:
அது 16 இல்லை, சவுண்ட் பிளாஸ்டர் புரோ மாதிரித்தான் நடக்கும். கேமில புரோ எண்டு தெரிவு செய்யும், பிளாஸ்டர் வரியில எச்சை எடுத்துவிட்டு ரி4 எண்டு போடும். டொஸில அதை எழுப்பிவிட யூனிசவுண்ட் எண்ட இலவசப் புரோகிராம் இருக்கு, கன வகைப் பிஎன்பி காட்டுக்கு அது ஒண்டே காணும், மெமரியிலயும் குந்தாது.

பருத்தித்துறை_காத்து:
என்னட்ட எல்லாம் ஜம்பராலயே வைக்கிற புரோ வகைக் காட் ஒண்டு சும்மா கிடக்கு, ஐஆர்கியூ 2, 5, 7, 10, டிஎம்ஏ 0, 1, 3, ஒரு சொஃப்ற்வெயாரும் வேண்டாம். 16 பிட் இல்லை. ஆருக்கும் வேணுமெண்டால் சொல்லுங்கோ, காசு வேண்டாம், வேலை செய்யிற ஃப்ளொப்பி டிரைவ் ஒண்டு தந்தால் போதும்.

சுன்னாகம்_சுவிட்ச்:
எனக்கு! டிரைவ் ரெண்டு கிடக்கு, இன்பொக்ஸுக்கு வாறன். 7இல வைச்சுத்தான் ஓட்டுவன், றேடியோ அண்ணை கோவிக்கப்படாது.

பழைய_றேடியோ:
வையும் ஐயா, பிறின்ரர் வாங்காத வரைக்கும்.